இத்தாலி பக்கம் மாறிய நாள்

என் துணி அலமாரியின் மேல்தட்டில், பழைய சேலைகளுக்கு அடியில், ஒரு கை அட்டை இருக்கிறது. பனியனின் கைப்பகுதியை வெட்டுவதற்காக அளவாக நறுக்கிய அட்டை அது. பழுப்பு நிறம். ஓரம் முழுக்க நீலச் சாக்பீஸ் தேய்ந்து படிந்திருக்கிறது. மேல் ஓரத்தில் கயிறு நுழைக்க ஒரு ஓட்டை. இரண்டு பக்கத்திலும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் உள்ளங்கை அகலத்துக்கு 'எல்' என்று எழுதியிருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் இதைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறேன். மகள் ஒருமுறை இது எதற்கு என்று கேட்டாள். அது இத்தாலி என்றேன். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள், மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லப் பயம், வேறொன்றுமில்லை.

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் நம்பரிங்கில் இருந்தேன். அப்போது எனக்கு முப்பது வயதைத் தொட்டிருந்தது. கட்டிங் மேசையில் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே வெட்டாக வெட்டுவார்கள். அப்படி வெட்டிய துண்டுகளில் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றுக்கும் ஒரே எண் போட்டு ஒட்டுவது என் வேலை. ஒரு அடுக்கின் துண்டு இன்னொரு அடுக்கின் துண்டோடு சேர்ந்துவிட்டால் சாயம் லேசாக வித்தியாசம் காட்டிவிடும். அதனால் வெட்டுகிறவருக்குப் பக்கத்திலேயே என் இடம். வெட்டுகிறவரைக் கம்பெனியில் எல்லோரும் மாஸ்டர் என்போம். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ். குன்னத்தூர்ப் பக்கத்து ஆள். பத்தாவதோடு படிப்பை விட்டவர், ஆனால் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட போர்ச் சரித்திரப் புத்தகங்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் படித்தவர். எந்த நாடு எந்த நாட்டோடு எந்த மாதம் சேர்ந்தது, எப்போது பிரிந்தது என்று கேட்டால், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் யார் யாரோடு பேசவில்லை என்பதைச் சொல்வதுபோல் சொல்வார்.

மூன்றாவது ஆள், இஸ்திரி போடும் அயர்ன் அண்ணன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், என் வயதுதான். பதினொரு மணிக்கு டீ டைம் மணி அடித்ததும் கம்பெனியே தெருவுக்குப் போய்விடும். நாங்கள் மூன்று பேர் மட்டும் கட்டிங் மேசையில் தங்குவோம். அயர்ன் அண்ணன் போசியில் டீ வாங்கிவருவார். அந்தக் கால்மணி நேரமும் சண்டைதான், அதாவது உலக மகா சண்டை. ஈராக்கில் குண்டு போட்டதை டீக்கடை டிவியில் பார்த்த வருஷம் அது தொடங்கியது. அவ்வளவு பெரிய நகரம் எப்படி இவ்வளவு சீக்கிரம் விழுந்தது என்று அயர்ன் அண்ணன் கேட்கப்போக, மாஸ்டர் அதற்குப் பதில் சொல்ல அறுபது வருஷம் பின்னால், இரண்டாம் உலகப் போருக்கே போனார். அதற்கப்புறம் திரும்பி வரவேயில்லை. ஈராக் செய்தி பழசாகிப்போய் சில வருஷம் ஆன பிறகும் எங்கள் பேச்சு ஓயவில்லை.

எல்லாம் ஒரே கேள்விதான். ஒரு நாடு எப்போது சரணடைகிறது? கூட்டாளி வரமாட்டான் என்று தெரிகிற நாளில்தான் என்பது மாஸ்டரின் கட்சி. அதற்கு ஜப்பானைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். ரஷ்யா நடுவில் நின்று சமாதானம் பேசிக் கொடுக்கும் என்று ஜப்பான் கடைசிவரை நம்பியது, அந்த ரஷ்யாவே எதிரே வந்து நின்ற பிறகுதான் கை தூக்கியது என்பார். ஊரையே எரித்த இரண்டு குண்டை விட்டுவிட்டு ரஷ்யாவைப் பிடித்துத் தொங்குகிறாரே என்று அயர்ன் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். "அண்ணாச்சி, வயித்துக்கும் இல்ல, கூரையும் இல்லன்னா கூட்டாளி வந்தா என்ன, வராட்டா என்ன? துப்பாக்கி பாரமாத்தான் தெரியும்" என்பார். நான் அதிகம் பேசமாட்டேன். ஆனால் பிரான்ஸ் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். சில வாரங்களுக்குள் ஜெர்மனியிடம் பிரான்ஸ் பணிந்துபோனதை மாஸ்டரால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. இங்கிலாந்தை நட்டாற்றில் விட்டுவிட்டு ஒப்பந்தத்தை மீறியவன் என்று, பிரான்ஸ் என்னவோ அவருடைய பங்காளி என்பதுபோல் கோபப்படுவார். பாரிஸில் குழந்தை குட்டிகள் இருந்தார்கள், ஊரை இடிபடாமல் காப்பாற்றினார்கள், அதில் என்ன கேவலம் என்று நான் கேட்பேன். "அது பயமுங்க அம்மிணி. பயத்துக்கு வேற பேரு வெக்காதீங்க" என்பார். வருஷக்கணக்காக அந்த ஒரு வழக்கு மட்டும் எங்களுக்குள் தீரவேயில்லை.

நான் ஏன் பிரான்ஸ் பக்கம் நின்றேன் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் இருந்தார். சாயத் தண்ணீரை ஆற்றில் விடுவதாக வழக்கு நடந்து, ஒன்று மாற்றி ஒன்று பட்டறைகளை அடைத்துக்கொண்டிருந்த சமயம் அது. அவருடைய பட்டறையும் அடைபட்டு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு குழந்தைகள். என் ஒருத்தி வேலையில்தான் வீடு ஓடியது. காலையில் கம்பெனி கேட்டைத் தாண்டும்போது பிடிக்கிற பயம், சாயங்காலம் வெளியே வரும்போதுதான் விடும். மேனேஜர் யாரையாவது கூப்பிட்டால் என்னைத்தானோ என்று திரும்பிப் பார்ப்பேன். அந்த மாதிரி மனுஷிக்குப் பிரான்ஸைப் புரிந்துகொள்ளப் புத்தகம் எதுவும் வேண்டாம்.

அட்டைகளுக்கு வருகிறேன். ஒவ்வொரு சைஸுக்கும் முன், பின், கை என்று ஒரு செட். ஒரு செட்டை ஒரே கயிற்றில் கோர்த்து சுவரில் ஆணியில் மாட்டியிருப்போம். அட்டையில் சைஸ் எழுதியிருக்கும், ஆனால் ஒரு பக்கம் மட்டும், அதுவும் கைபட்டுக் கைபட்டு மங்கிப்போயிருக்கும். அதை யாரும் படிக்கவும் மாட்டார்கள். எந்த ஆணியில் எந்தக் கயிறோ அதுதான் சைஸ், அதுதான் கட்டிங் ரூமின் சட்டம். அட்டையைத் துணிமேல் வைத்துச் சாக்பீஸால் மாஸ்டர் வேகமாக மார்க் பண்ணுவதற்கும் அதுதான் காரணம்.

அன்றைக்குப் பேச்சு இத்தாலியில் வந்து நின்றது. ஜெர்மனியோடு சேர்ந்து போருக்கு வந்த இத்தாலி, பாதியில் பணிந்து, எதிர்க் கூட்டணிக்கே போய்ச் சேர்ந்த கதை. அயர்ன் அண்ணனுக்கு யார் எந்தப் பக்கம் என்று குழம்பிப்போனதால், மாஸ்டர் இரண்டு செட் அட்டைகளைக் கயிற்றிலிருந்து கழற்றி மேசையில் பரப்பினார். எல் சைஸ் செட் ஜெர்மனி கூட்டணி, எம் சைஸ் செட் எதிர்க் கூட்டணி. எல் முன்பக்கம் ஜெர்மனி, பின்பக்கம் ஜப்பான், கை இத்தாலி. கை அட்டையைச் செங்குத்தாகப் பிடித்தால் பார்க்கவும் கொஞ்சம் இத்தாலி மாதிரியே இருந்தது. எம் செட்டில் முன்பக்கம் இங்கிலாந்து, பின்பக்கம் ரஷ்யா. எம் கை அட்டை நாடு ஏதும் கிடைக்காமல் மேசை ஓரத்தில் கிடந்தது. மாஸ்டர் கதையைச் சொல்லிக்கொண்டே இத்தாலியை மெல்லத் தள்ளி இங்கிலாந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அதே நேரம் டீ டைம் முடிகிற மணி அடித்தது.

மேனேஜர் வரும் சத்தம் படிக்கட்டில் கேட்டது. மாஸ்டர் துணி ரோலைத் தூக்க ஓடினார், அயர்ன் அண்ணன் போசியை மறைக்க ஓடினார். அட்டைகளைக் கோர்த்தவள் நான். இங்கிலாந்துப் பக்கம் முன், பின், கை மூன்றும் சரியாக இருந்தன, ஒரு கயிற்றில் கோர்த்தேன். ஜெர்மனிப் பக்கம் கையைக் காணோம். மேசை ஓரத்தில் ஒரு கை கிடந்தது, அதை எடுத்து அந்தக் கயிற்றில் கோர்த்தேன். இரண்டையும் அதனதன் ஆணியில் மாட்டினேன். இத்தாலி நிஜமாகவே பக்கம் மாறிவிட்டது, அது எனக்குத் தெரியவில்லை.

நெய்த துணியாக இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பனியன் துணி இழுத்தால் வரும். டெய்லர்கள் கையை இழுத்து இழுத்துத் தைத்துவிட்டார்கள். மறுநாள் செக்கிங்கில் டேப் வைத்தபோதுதான் எல் சைஸ் உடம்பில் எம் கை ஏறியிருப்பது தெரிந்தது. அதற்குள் இரண்டு சைஸிலும் முழு அடுக்கும் வெட்டி முடிந்திருந்தது. பெரிய கையைச் சின்னதாக வெட்டிக்கொள்ளலாம், சின்னக் கையை என்ன செய்வது? அதே சாயத்தில் கூடுதல் துணி கேட்கலாம் என்றால், அந்தச் சாயம் போட்ட பட்டறையும் அடைபட்டவற்றில் ஒன்று. செக்கிங் டேபிளில் அந்தப் பனியனைத் தூக்கிப் பிடித்து மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்ததை நான் என் இடத்திலிருந்து பார்த்தேன். எங்கே தப்பு என்று மாஸ்டருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு டீ டைமில் போர்ப் பேச்சு இல்லை. மாஸ்டர் இரண்டு கயிறுகளையும் எடுத்து அட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஆணியில் மாட்டினார். என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. "கேட்டாங்கன்னா மூணு பேரும் ஒரே பேச்சுத்தானுங்க. அட்டையை ஆரு கோத்ததுன்னு நெனவில்லைன்னு சொல்லீரோணும். மூணு பேரையும் ஒண்ணா அனுப்புனா அடுத்த லாட்டை வெட்ட ஆளில்லை, அது அவங்களுக்கே தெரியுமுங்க" என்றார். அயர்ன் அண்ணன் சத்தியம் பண்ணினார். நானும் தலையாட்டினேன். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து போட்ட ஒரே ஒப்பந்தம் அதுதான்.

மேனேஜருக்கு மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடி அறை. மதியத்துக்கு மேல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். முதலில் அயர்ன் அண்ணன் போனார், இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டார். தனக்கு ஒன்றுமே தெரியாது, தான் அயர்ன் டேபிளை விட்டு நகரவே இல்லை என்று சொல்லிவிட்டாராம். யார் பக்கமும் சேராத நாடு மாதிரி தப்பித்துக்கொண்டார். அடுத்து மாஸ்டர். நான் படிக்கட்டுக்குக் கீழே துணி மூட்டையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியே அவர் முதுகு மட்டும் தெரிந்தது. முதலில் நிமிர்ந்துதான் நின்றார். நேரம் போகப் போக அந்த முதுகு வளைந்தது. பிறகு வலது கையைத் தூக்கி, நூலில் எதையோ கோர்ப்பதுபோல் காட்டினார். யார் கோர்த்தது என்று சொல்கிறார், என்னைத்தான் சொல்கிறார் என்று எனக்குள் உறுதியாகிவிட்டது. கால்மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்காமலேயே கடந்து போனார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள், பன்னிரண்டு படி ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு நினைப்பு. சின்னவளின் பள்ளிக்கூடம், அடுப்படியில் காலியாகிக்கொண்டிருந்த அரிசி டப்பா, வேலை போய்விட்டது என்று சொன்னால் வீட்டுக்காரரின் முகம் எப்படி ஆகும் என்பது. மாஸ்டர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பிரான்ஸை இத்தனை வருஷம் திட்டின மனுஷன், கால்மணி நேரம்கூடத் தாங்கவில்லையே என்று.

மேனேஜர் கத்துகிற ஆள் இல்லை. உட்காரச் சொன்னார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. "மாஸ்டரு எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க அம்மிணி. நீங்களும் உங்க வாயால சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது" என்றார்.

நான் யோசித்ததாக ஞாபகமில்லை. "மாஸ்டருதானுங்க சார். அட்டையைக் கழட்டுனதும் அவருதான், கோத்து மாட்டுனதும் அவருதானுங்க. நான் தொடவே இல்லீங்க" என்றேன். குரல்கூடத் தடுமாறவில்லை.

மேனேஜர் பேனாவை மூடினார். "சரியாப் போச்சுங்க. அவரும் அதையேதான் சொன்னாரு. தானேதான் கோத்தேன், மத்த ரெண்டு பேரும் பக்கத்துலயே இல்லைன்னாரு" என்றார்.

நான் எழுந்து வெளியே வந்தேன். எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவர் கையைத் தூக்கிக் கோர்ப்பதுபோல் காட்டியது, தான் கோர்த்ததைத்தான். என் முகத்தைப் பார்க்காமல் போனது, பார்த்தால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றுகூட இருக்கலாம். என் பொய்யும் அவர் பொய்யும் அச்சுப் பிசகாமல் பொருந்திவிட்டதால் விசாரணை அத்தோடு முடிந்துவிட்டது. மூன்று பேரில் ஒருவர் மாறிச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் தோண்டியிருப்பார்கள். சனிக்கிழமையோடு மாஸ்டர் நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளில் நாலுமுறை அந்தப் படிக்கட்டு வரைக்கும் போயிருக்கிறேன். மேலே போய் நான்தான் என்று சொல்லிவிடலாம், சொல்லிவிட வேண்டும் என்று. முதல் படியில் கால் வைப்பேன், திரும்பிவிடுவேன். அயர்ன் அண்ணன் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவருக்கு ஏதாவது தெரியுமா, சும்மாதான் பேசவில்லையா என்று கேட்கவும் எனக்குப் பயம். மாஸ்டர் மட்டும் எப்போதும்போல் காதில் சாக்பீஸோடு வந்து வெட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் அவரிடம், அந்தம்மாவும் உங்களைத்தான் சொன்னார் என்று சொல்லியிருப்பாரா? இந்த ஒரு கேள்வி இரண்டு நாளும் என்னைச் சாப்பிடவிடவில்லை.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் மாஸ்டர் சுவரிலிருந்த எல்லாக் கயிறுகளையும் கழற்றினார். ஒரு ஸ்கெட்ச் பேனாவை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு பக்கமும் சைஸைப் பெரிதாக எழுத ஆரம்பித்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்று, எழுதி முடித்த அட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கோர்த்தேன். கடைசியாக எல் கை அட்டை. அதை எழுதி, மை காய ஊதி, என் கையில் கொடுத்தார்.

"அம்மிணி, பிரான்சுக்காரன் பண்ணுனது தப்பில்லீங்க" என்றார். "நான்தான் வெவரமில்லாம பேசிட்டே இருந்தேன். ஊட்டுல கொழந்தைங்க இருந்தா அப்புடித்தானுங்க."

டிபன் போசியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த வழக்கில் நான் ஜெயித்தேன். வருஷக்கணக்காக விட்டுக்கொடுக்காத மனுஷன் அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த இடத்திலேயே அழுதிருக்க வேண்டும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அடக்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரே ஒருமுறை அவரைப் பார்த்தேன். பழைய பஸ் ஸ்டாண்டில், குன்னத்தூர் பஸ் நிற்கிற இடத்தில், பையோடு நின்றிருந்தார். இன்னும் மெலிந்திருந்தார். ஒரு கூப்பிடு தூரம்தான். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பஸ் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும், அதுதான் என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளியது. பிறகு அவர் எங்கே போனார், இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது.

கம்பெனியில் அட்டை எல்லாம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. இப்போது காகிதத்தில் அச்சடித்து வருவதைத் துணிமேல் விரித்து வெட்டுகிறார்கள். பழைய அட்டைகளைக் குப்பையில் போட்ட அன்றைக்கு அந்தக் கை அட்டையை மட்டும் நான் எடுத்து வந்தேன். இன்று நான் கட்டிங் செக்‌ஷனுக்கே சூப்பர்வைசர். எனக்கும் ஒரு கண்ணாடி அறை உண்டு. தப்பு நடந்தால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்கிறார்கள். நான் எல்லோரையும் ஒன்றாகத்தான் கூப்பிடுகிறேன். மேடம் விசாரிக்கத் தெரியாதவர் என்று மேலே பேசிக்கொள்வதாகக் கேள்வி.

ஒரு நாடு எப்போது சரணடைகிறது என்று மாஸ்டர் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. கூட்டாளி ஏற்கெனவே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று தானாக நினைத்துக்கொள்கிற நாளில். அதைச் சொல்ல அந்த மேசையில் ஆளில்லை. ஆனால் அவர் ஏன் கை தூக்கினார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்காகத்தான் என்று நினைக்கவும் பயமாக இருக்கிறது.

நேற்று மழை ஒழுகி நனைந்த அலமாரியைத் துடைக்கும்போது அட்டையை வெளியே எடுத்தேன். எழுத்து இன்னும் கொஞ்சமும் மங்கவில்லை. ஓட்டைதான் காலியாக இருந்தது. பையில் ஒரு நூல்கண்டு இருந்தது, எடுத்து நுழைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் நூல்கண்டைத் திரும்பப் பையிலேயே போட்டுவிட்டு, அட்டையைப் பழையபடி சேலைகளுக்கு அடியிலேயே வைத்துவிட்டேன்.